சிட்னி துறைமுகத்தில் வெப்பமண்டல மீன்கள்: குளிர்காலத்தில் எடுக்கும் ஒரு புகைப்படம் ஏன் முக்கியம்?

ஆஸ்திரேலியாவின் சிட்னி துறைமுகத்தில் ஆண்டுதோறும் கோடைகாலத்தின் இறுதியில், பவளத்திட்டுகளுக்கே உரிய வண்ண மீன்களின் குஞ்சுகள் தென்படுகின்றன. பொழுதுபோக்காக நீந்தச் செல்வோர் இவற்றை எடுக்கும் சாதாரணப் புகைப்படங்கள், கடல் வெப்பமடைவதால் மீன்களின் வாழிடம் எவ்வாறு இடம்பெயர்கிறது என்பதற்கான சான்றுகளாக மாறி வருகின்றன. அவற்றிலும் குளிர்காலத்தில் எடுக்கப்படும் படங்களே அதிக மதிப்புடையவை. அதற்கான காரணங்களை விளக்குகிறது இந்தத் தொகுப்பு.

வெப்பமண்டல மீன்கள் சிட்னிக்கு எப்படி வருகின்றன?

சிட்னி நகரம் வெப்பமண்டலத்திற்கு வெளியே, ஏறத்தாழ 34 டிகிரி தெற்கு அட்சரேகையில் அமைந்துள்ளது. அதன் துறைமுகத்தில் 580-க்கும் மேற்பட்ட மீன் இனங்கள் பதிவாகியுள்ளன. இவற்றில் பல அங்கேயே இனப்பெருக்கம் செய்பவை. ஆனால், வண்ணத்துப்பூச்சி மீன், சார்ஜென்ட் மீன், சிங்கமீன் போன்ற வெப்பமண்டல இனங்கள் வெளியிலிருந்து வரும் விருந்தினர்களே.

இவற்றைச் சுமந்து வருவது கிழக்கு ஆஸ்திரேலிய நீரோட்டம். பவளக் கடலில் தொடங்கி ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடற்கரையை ஒட்டித் தெற்கு நோக்கிப் பாயும் இந்த வெதுவெதுப்பான நீரோட்டம், 2003-இல் வெளியான 'ஃபைண்டிங் நீமோ' திரைப்படத்தின் மூலம் உலகெங்கும் அறிமுகமானது.

வடக்கே உள்ள பவளத்திட்டுகளில் பொரியும் மீன்களின் இளம் உயிரிகள், சில வாரங்கள் வரை கடலில் மிதந்து திரியும் பருவத்தைக் கொண்டவை. அப்போது நீரோட்டத்தில் சிக்குபவை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே அடித்துச் செல்லப்படுகின்றன. நீரோட்டத்திலிருந்து பிரியும் சுழல்கள் அவற்றைக் கரையோரத்திற்குக் கொண்டுசேர்க்கின்றன. அங்கே பாறை இடுக்குகளிலும் படகுத்துறைத் தூண்களின் அடியிலும் அவை தஞ்சம் புகுகின்றன. தென்னரைக்கோளத்தில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடைகாலம் என்பதால், ஜனவரி முதல் மே வரையிலான மாதங்களில் இந்தக் குஞ்சுகளை அதிகம் காண முடிகிறது. அவற்றில் பல ஒரு நாணயத்தின் அளவே இருக்கும்.

குளிர்காலம் ஏன் எல்லைக்கோடு ஆகிறது?

கோடையில் சிட்னியை ஒட்டிய கடல்நீரின் வெப்பநிலை 23 டிகிரி செல்சியஸ் அளவை எட்டும். குளிர்காலத்தின் இறுதியில் அது 17 முதல் 18 டிகிரி வரை குறைகிறது. வெப்பமண்டல மீன் குஞ்சுகள் குளிரில் மந்தமடைகின்றன. அவை இரை உண்பது குறைகிறது. ஆபத்து நேரும்போது விரைந்து தப்பிச் செல்லும் திறனும் குன்றுகிறது. எனவே, பெரும்பாலானவை குளிர்காலத்தைத் தாண்டுவதில்லை. வழிதவறி வந்து மடியும் உயிரினங்களாகவே இவை நெடுங்காலம் கருதப்பட்டன.

அந்த நிலை மாறி வருகிறது. தென்கிழக்கு ஆஸ்திரேலியக் கடல், உலகச் சராசரியைவிட வேகமாக வெப்பமடையும் கடற்பகுதிகளில் ஒன்று. குளிர்காலத்தைக் கடந்தும் சில வெப்பமண்டல மீன்கள் மிதவெப்பக் கடலில் உயிர்பிழைப்பதை, ஆய்வாளர்கள் வில் ஃபிகேரா, டேவிட் பூத் ஆகியோர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினர். குளிர்கால வெப்பநிலையில் ஓரிரு டிகிரி வேறுபாடே இந்த மீன்களின் வாழ்வையும் சாவையும் தீர்மானிக்கிறது.

இதனால்தான் படம் எடுக்கப்பட்ட மாதம் முக்கியத்துவம் பெறுகிறது. மார்ச் மாதத்தில் எடுக்கப்பட்ட படம், அந்த மீன் சிட்னிக்கு வந்தது என்பதை மட்டுமே கூறும். செப்டம்பரில் எடுக்கப்பட்ட படமோ அது அங்கே பிழைத்திருக்கிறது என்பதைக் கூறும். ஆனால் கோடையில் கடலில் இறங்குவோர் பலர். குளிரில் இறங்குவோர் சிலரே. மிகவும் தேவைப்படும் சான்றுதான் மிகக் குறைவாகக் கிடைக்கிறது.

சில மீன்கள் பிழைத்தால் என்ன பாதிப்பு?

பிழைத்திருக்கும் மீன்கள் அழகானவை என்றாலும், அவை பெருகுவதன் விளைவு அழகானதாக இருக்க வேண்டியதில்லை. தென் ஆஸ்திரேலியக் கடலடிப் பாறைகளை 'கெல்ப்' எனப்படும் பெரிய பழுப்புநிறக் கடற்பாசிகள் காடுபோல் மூடியுள்ளன. வணிக மதிப்புமிக்க அபலோன் சிப்பிகளும் பாறை இறால்களும் இந்தக் காடுகளைச் சார்ந்துள்ளன.

சிட்னிக்கு வடக்கே சுமார் 500 கி.மீ. தொலைவில் உள்ள காஃப்ஸ் ஹார்பர் பகுதியில் 2002 முதல் 2012 வரை கடலுக்கடியில் பதிவான காணொலிகளை, அட்ரியானா வெர்ஜஸ் தலைமையிலான ஆய்வுக் குழுவினர் ஆராய்ந்தனர். அந்தக் காலகட்டத்தில் கடல்நீரின் வெப்பநிலை 0.6 டிகிரி உயர்ந்தது. தாவரங்களை உண்ணும் வெப்பமண்டல மீன்கள் பெருகின. கெல்ப் இலைகளில் கடித்த தடங்கள் அதிகரித்தன. இறுதியில் ஆய்வுக்குட்பட்ட இடங்களில் கெல்ப் மறைந்தே போனது. 2016-இல் வெளியான இந்த ஆய்வு, முதலில் வேறு நோக்கத்திற்காகப் பதிவான காட்சிகளும் பின்னாளில் முக்கிய ஆவணமாக மாறக்கூடும் என்பதைக் காட்டியது.

பயனுள்ள படத்தை எப்படி எடுப்பது?

துறைமுக நீர் பவளக்கடலைப் போலத் தெளிவானதன்று. வண்டல் துகள்களும் மிதவை உயிரிகளும் அதில் நிறைந்திருக்கும். கடலிலிருந்து தெளிந்த நீர் உள்ளே வரும் ஏற்ற வேளையே படமெடுக்க உகந்தது. கனமழைக்குப் பிறகு கழிவுநீர் கலப்பதால், துறைமுகப் பகுதிகளில் மூன்று நாட்கள் வரை நீந்துவதைத் தவிர்க்குமாறு நியூ சவுத் வேல்ஸ் அரசின் கடற்கரை நீர்த்தரக் கண்காணிப்புத் திட்டம் அறிவுறுத்துகிறது.

நீர் முதலில் உறிஞ்சுவது சிவப்பு நிற ஒளியைத்தான். சில மீட்டர் ஆழத்திலேயே படங்கள் நீலம் கலந்த பச்சையாகத் தோன்றுவது இதனால்தான். உருப்பெருக்கிப் பார்ப்பதைவிட மீனுக்கு அருகில் செல்வதே சிறந்த வழி. இடையில் உள்ள நீரின் அளவு குறையக் குறைய நிறமும் தெளிவும் கூடும். கேமராவிலேயே உள்ள ஃபிளாஷ் விளக்கைப் பயன்படுத்தினால், நீரில் மிதக்கும் துகள்கள் ஒளியைத் திருப்பி அனுப்பி, படம் முழுவதும் வெண்புள்ளிகள் படியும். ஆழம் குறைந்த இடத்தில் சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு இயற்கை ஒளியில் எடுப்பது எளிது.

இனத்தை உறுதிசெய்ய, மீனின் பக்கவாட்டுத் தோற்றம் முழுமையாகத் தெரிய வேண்டும். சார்ஜென்ட் மீன்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உடலில் கரும்பட்டைகள் கொண்ட இரு நெருங்கிய இனங்களில், ஒன்றுக்கு மட்டும் வாலின் இரு மடல்களிலும் கருங்கோடு உண்டு. வால் தெரியாத படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கே பயன்படாது. வால் தெரியும் மங்கலான படம் போதுமானது.

மீனைத் துரத்துவதும், அது ஒளிந்துள்ள கல்லைப் புரட்டுவதும் கூடாது. அசையாமல் சில நிமிடங்கள் காத்திருந்தால் குஞ்சுகள் தாமாகவே வெளியே வரும்.

படம் எவ்வாறு சான்றாகிறது?

தேதி, இடம், ஆழம், மீனின் தோராயமான நீளம் ஆகியவை இணையும்போதுதான் படம் தரவாக மாறுகிறது. வழக்கமான வாழிடத்திற்கு வெளியே காணப்படும் கடல் உயிரினங்களைப் பதிவு செய்ய, 2009-இல் டாஸ்மேனியாவில் தொடங்கப்பட்ட 'ரெட்மேப்' திட்டம் பின்னர் ஆஸ்திரேலியா முழுவதும் விரிவாக்கப்பட்டது. பொதுமக்கள் அனுப்பும் படங்களை அறிவியலாளர்கள் சரிபார்க்கின்றனர். ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தின் முன்முயற்சியில் 2016-இல் 'ஐநேச்சுரலிஸ்ட்' தளத்தில் தொடங்கப்பட்ட ஆஸ்திரலேசிய மீன்கள் திட்டமும் இவ்வாறே செயல்படுகிறது.

இத்தகைய பதிவுகளுக்கு வரம்புகளும் உள்ளன. ஒற்றை மீன், வீட்டுத் தொட்டியிலிருந்து கடலில் விடப்பட்டதாகவும் இருக்கலாம். ஓரிடத்தில் மீன் பதிவாகவில்லை என்பதால் அங்கே அது இல்லை என்றும் கூற முடியாது. அங்கே எவரும் நீந்தாமலும் இருந்திருக்கலாம். எனவே, ஒரே இடத்தில் ஒரே நபர் மாதந்தோறும் எடுக்கும் படங்கள், தற்செயலாகக் கிடைக்கும் அரிய படத்தைவிட நம்பகமானவை. மீன் எதுவும் தென்படாத நாளையும் குறித்து வைப்பது அவற்றின் மதிப்பைக் கூட்டும்.

இந்தியாவுக்கு இதில் என்ன தொடர்பு?

இந்தியக் கடல்களில் வெப்பமண்டல மீன்கள் விருந்தினர்கள் அல்ல. இருப்பினும் மீன்களின் இடப்பெயர்வு இங்கும் நிகழ்ந்துள்ளது. ஒருகாலத்தில் பெரும்பாலும் கேரளம், கர்நாடகக் கரைகளிலேயே பிடிபட்ட மத்தி மீன், பின்னர் வடக்கிலும், தமிழ்நாடு உள்ளிட்ட கிழக்குக் கரையிலும் பிடிபடத் தொடங்கியதை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர்.

மத்தி உணவு மீன் என்பதால் அதன் நகர்வு மீன்பிடிக் கணக்கில் பதிவானது. சந்தைக்கு வராத சிறு மீன்களுக்கு அத்தகைய கணக்கு இல்லை. அந்த இடைவெளியைப் புகைப்படங்களால் நிரப்ப முடியும். மும்பையில் 2017 முதல் இயங்கும் 'மரைன் லைஃப் ஆஃப் மும்பை' குழுவினர், நகரக் கடற்கரைகளில் நீர் வடியும் வேளையில் காணப்படும் உயிரினங்களைப் படமெடுத்து ஆவணப்படுத்தி வருகின்றனர். கடலில் நீந்தாமலேயே பாறைக் குட்டைகளில் இதைச் செய்ய முடியும் என்பதை அவர்களின் பணி உணர்த்துகிறது.

இந்தியாவின் பெரிய துறைமுகங்களின் பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் அனுமதியின்றிப் படமெடுக்க இயலாது என்பதை ஆர்வலர்கள் கவனத்தில் கொள்ள வேண்டும். பொதுமக்கள் செல்லக்கூடிய கடற்கரைகளும் பாறைக் கரைகளுமே இதற்கு ஏற்றவை. இன்று எடுக்கப்படும் படங்கள் தேதியுடனும் இடத்துடனும் சேமிக்கப்பட்டால்தான், இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் அதே கரையில் என்ன மாறியுள்ளது என்பதை ஒப்பிட்டுக் கூற இயலும்.