மெய்நிகர் நினைவகம்: இரு பாடங்கள் கூடும் இடம்

கணினி ஆசிரியர் பணிக்கான போட்டித் தேர்வுகளுக்குப் படிப்போர், கணினி அமைப்பையும் இயக்க அமைப்பையும் தனித்தனி அலகுகளாகவே படித்து முடிப்பது வழக்கம். முன்னதில் மையச் செயலகம், பதிவேடுகள், பாட்டைகள், கேஷ் நினைவகம் ஆகியன இடம்பெறுகின்றன. பின்னதில் செயல்முறைகள், நினைவக மேலாண்மை, கோப்புகள் ஆகியன வருகின்றன. பாடத்திட்டத்தின் வசதிக்காகப் போடப்பட்ட இந்தக் கோடு கணினிக்குள் இல்லை என்பதை மெய்நிகர் நினைவகம் ஒன்றே காட்டிவிடும். அதில் மின்சுற்றின் வேலையும் மென்பொருளின் வேலையும் அடிக்கு அடி மாறி மாறி வருவதால், ஒன்றை விட்டு மற்றொன்றைப் படிப்பவருக்கு அது மனப்பாடச் செய்தியாகவே நின்றுவிடுகிறது.

கட்டளைகளையும் தரவுகளையும் ஒரே நினைவகத்தில் வைக்கும் முறை, ஜான் வான் நாய்மன் 1945இல் எட்வாக் கணினிக்காக எழுதிய வரைவறிக்கையின் வழியே பரவியது. வேகமான நினைவகம் விலை மிகுந்ததாகையால் சிறியதாகவும், மலிவானது பெரிதாக இருந்தும் மந்தமாகவும் இருந்த அக்காலத்தில், நிரலின் எந்தத் துண்டு எப்போது நினைவகத்துக்கு வரவேண்டும் என்பதை நிரலரே திட்டமிட்டு எழுத வேண்டியிருந்தது. அந்தச் சுமையை இயந்திரத்தின் தோளுக்கு மாற்றியது, இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் தலைமையில், ஃபெராண்டி நிறுவனத்தின் துணையோடு உருவாகி, 1962 டிசம்பரில் தொடங்கிவைக்கப்பட்ட அட்லஸ் கணினி. அதன் காந்த வளைய நினைவகம் 16,384 சொற்களை மட்டுமே கொள்ளும். சுழலும் காந்த உருளையில் அதைப்போல் ஆறு மடங்கு இடம் இருந்தது. இரண்டையும் 512 சொற்கள் கொண்ட பக்கங்களாகப் பகுத்து, நிரலருக்கு ஒரே பெரிய நினைவகமாகத் தோன்றச் செய்தனர்; இதுவே மெய்நிகர் நினைவகம். 16,384ஐ 512ஆல் வகுத்தால் 32 வருகிறது. எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லும் பக்க முகவரிப் பதிவேடுகளும் அதில் சரியாக 32 இருந்தன.

இன்றைய கணினியிலும் அடிப்படை அதுவே. 32 பிட் முகவரியும் 4 கிலோபைட் பக்கமும் கொண்ட ஒரு கணினியில், முகவரியின் கடைசி 12 பிட்டுகள் பக்கத்துக்குள் உள்ள இடத்தையும், மீதி 20 பிட்டுகள் பக்க எண்ணையும் குறிக்கின்றன. ஆகவே ஒரு செயல்முறையின் பக்க அட்டவணையில் 10,48,576 பதிவுகள் இருக்கலாம். பதிவுக்கு 4 பைட் என்றால் அட்டவணைக்கு மட்டுமே 4 மெகாபைட் தேவை. அட்டவணையை நிரப்புவது இயக்க அமைப்பு; ஒவ்வொரு முகவரிக்கும் அதைப் பார்த்து, பக்க எண்ணுக்குப் பதிலாக முதன்மை நினைவகத்தில் அப்பக்கம் அமர்ந்திருக்கும் சட்டகத்தின் எண்ணை இடுவது நினைவக மேலாண்மைச் சுற்று.

தேடிய பக்கம் நினைவகத்தில் இல்லாதபோதுதான் இரண்டின் கூட்டு முழுமையாக வெளிப்படுகிறது. பதிவில் உள்ள இருப்புப் பிட் 0 என்று கண்ட சுற்று, பக்கப் பிழை என்னும் விலக்கை எழுப்புகிறது. மையச் செயலகம் தன் நிலையைச் சேமித்துக்கொண்டு கருநிரல் பாங்குக்கு மாற, கட்டுப்பாடு இயக்க அமைப்பிடம் செல்கிறது. அது காலியான சட்டகத்தைத் தேடி, இல்லையேல் ஒரு பக்கத்தை வெளியேற்றி, அப்பக்கம் திருத்தப்பட்டிருந்தால் வட்டில் எழுதிவிட்டு, வேண்டிய பக்கத்தைக் கொண்டுவந்து அட்டவணையைத் திருத்துகிறது. அதன்பின் நின்றுபோன அதே கட்டளை மீண்டும் ஓடுகிறது. விசைப்பலகை போன்ற கருவிகளின் குறுக்கீடு பொதுவாக ஒரு கட்டளை முடிந்தபின் கவனிக்கப்படுவது. பக்கப் பிழையோ கட்டளையின் நடுவிலேயே எழுவது. தேர்வில் அடிக்கடி தவறவிடப்படும் இந்த வேறுபாடு வெறும் ஏட்டுச் செய்தியன்று: புகழ்பெற்ற மோட்டோரோலா 68000 சில்லு, பாதியில் நின்ற கட்டளையைப் பிழையின்றித் தொடரவல்லதாக இல்லாததால், அந்தக் குறை 68010இல் களையப்படும்வரை இத்தகைய நினைவகத்துக்கு நேரடியாக உதவவில்லை.

இந்தப் பயணத்தின் விலை பெரிது. நினைவகத்தை அணுக 100 நானோநொடியும், பக்கப் பிழையைத் தீர்க்க 8 மில்லிநொடியும் ஆகும் என்று கொண்டால், ஆயிரம் அணுகல்களில் ஒன்றே ஒன்று பிழையானாலும் சராசரி நேரம் ஏறத்தாழ 8,100 நானோநொடியாகி, கணினி எண்பது மடங்குக்கு மேல் மந்தமாகிவிடும். எனவே எந்தப் பக்கத்தை வெளியேற்றுவது என்ற தேர்வு முக்கியமாகிறது. முதலில் வந்ததை முதலில் வெளியேற்றும் முறை எளியது. ஆனால் 1, 2, 3, 4, 1, 2, 5, 1, 2, 3, 4, 5 என்ற வரிசையில் பக்கங்கள் கேட்கப்பட்டால், அம்முறையில் மூன்று சட்டகங்களுக்கு 9 பிழைகளும் நான்கு சட்டகங்களுக்கு 10 பிழைகளும் வருகின்றன. இடம் கூடியும் பிழை கூடும் இந்த விந்தை, 1969இல் அதை வெளிப்படுத்தியவர்களுள் ஒருவரான பெலாடியின் பெயரால் வழங்குகிறது. நெடுநேரம் பயன்படாததை வெளியேற்றும் முறையில், சட்டகங்கள் மூன்றிலிருந்து நான்கானால், அதே வரிசைக்குப் பிழைகள் 10இலிருந்து 8ஆகக் குறைகின்றன. மூன்று சட்டகங்களில் இருப்பவை எப்போதும் நான்கிலும் இருக்கும் என்பதே காரணம். ஒவ்வொரு அணுகலின் நேரத்தையும் குறித்துவைப்பது இயலாததால், பக்கம் தொடப்பட்டதும் மின்சுற்று ஒரு பிட்டை 1 ஆக்க, இயக்க அமைப்பு அவ்வப்போது அதை 0 ஆக்கிப் பார்க்கும் தோராய முறையே நடைமுறையில் உள்ளது.

செயல்முறைகள் மிகுந்து, எதற்கும் போதிய சட்டகம் இல்லையெனில், பக்கங்களை மாற்றுவதிலேயே காலம் கழியும். திராஷிங் எனப்படும் இந்நிலையில் மையச் செயலகம் வேலையின்றி நிற்பதைக் கண்டு, பழைய இயக்க அமைப்புகள் இன்னும் பல செயல்முறைகளை உள்ளே விட்டு நெரிசலைக் கூட்டின. ஒரு செயல்முறை அண்மையில் தொட்ட பக்கங்களின் தொகுதியைக் கணக்கிடும் வழியை 1968இல் பீட்டர் டென்னிங் முன்வைத்தார். அத்தொகுதிகளின் மொத்த அளவு சட்டகங்களின் எண்ணிக்கையைத் தாண்டினால், ஏதேனும் ஒரு செயல்முறையை நிறுத்திவைத்து அதன் சட்டகங்களைப் பிறவற்றுக்குத் தருவதோ, நினைவகத்தைக் கூட்டுவதோதான் தீர்வு; இன்னும் வேகமான மையச் செயலகத்தைப் பொருத்துவதால் அந்த நிலை மாறாது.