மறப்பவரும் ஞாபகப்படுத்துபவரும்

ஈ.பி. பில் கட்டும் தேதி தாண்டிவிட்டது. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்துவிட்டது. நீங்கள் முக்கியமாக ஏதோ சொல்லிக்கொண்டிருக்க, எதிரில் இருப்பவர் மனம் வேறெங்கோ போய்விட்டது. 'என்மேல் அக்கறை இருந்தால் இப்படி மறக்குமா?' என்று கேட்கத்தான் தோன்றும். வாழ்க்கைத்துணைக்கு ஏ.டி.எச்.டி. எனும் கவனக்குறைவுக் கோளாறு இருந்தால், அந்த மறதியை வைத்து அக்கறையை அளக்க முடியாது.

ஏ.டி.எச்.டி. சிறுபிள்ளைகளின் பிரச்சினை என்றே நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். தொடங்குவது சிறுவயதில்தான், 12 வயதுக்கு முன்பே சில அறிகுறிகளாவது இருந்திருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட நோயறிதல் கையேடு. பலருக்கு வளர்ந்த பிறகும் அது விடுவதில்லை. வகுப்பில் ரகளை செய்யாமல் கனவு கண்டுகொண்டிருந்த பெண்பிள்ளையை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவளுக்குக் கிடைக்கும் பட்டம், 'பொறுப்பில்லாதவள்'.

செய்ய வேண்டியது ஏ.டி.எச்.டி. உள்ளவர்களுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்ததை உரிய நேரத்தில் செய்வதில்தான் சிக்கல் என்று உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார். நேரம் நகர்வதை உணர்வதிலும் தடுமாற்றம் உண்டு. அடுத்த வாரக் கெடு கண்ணுக்கே தெரியாது; கழுத்துக்கு வந்த பிறகுதான் உறைக்கும். ஆனால் புதிதாக, சுவாரசியமாக ஒன்று கிடைத்தால் மணிக்கணக்கில் மூழ்கிவிடுவார்கள். நிச்சயதார்த்தம் முடிந்த புதிதில் விடிய விடிய ஃபோனில் பேசியவர், கல்யாணமாகிச் சில மாதங்களில் வேறு ஆளாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். குறைந்தது புதுமைதான்; அன்பு குறைந்துவிட்டது என்று அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம்.

உறவை அதிகம் அரிப்பது மறதிக்குப் பின்னால் வருவது. ஒருவர் ஓயாமல் ஞாபகப்படுத்த, மற்றவர் திட்டுக்குப் பயந்து மழுப்ப, கணவன்-மனைவி அம்மா-பிள்ளையாக மாறிவிடுகிறார்கள். எழுத்தாளர் மெலிசா ஓர்லாவ் 2010இல் எழுதிய நூலில் இத்தகைய தம்பதிகளைப் பற்றிச் சொல்லும் முக்கியமான விஷயம் இதுதான். அம்மா வேலை பார்த்துக் களைத்தவருக்குக் காதல் எங்கிருந்து வரும்?

ஆகவே ஞாபகப்படுத்தும் வேலையை மனிதரிடமிருந்து பிடுங்கிப் பொருள்களிடம் கொடுங்கள். பில்லுக்கு ஆட்டோ டெபிட், சாவிக்கு வாசலோரம் ஓர் ஆணி, மற்றதற்கெல்லாம் ஃபோனில் அலாரம். அந்த அலாரத்தை வைக்க வேண்டியவர் மறப்பவர்தான். நீங்கள் வைத்துக்கொடுத்தால் பழைய அம்மா வேலைதான் தொடரும். வேலைகளைப் பிரிக்கும்போதும் 'கொஞ்சம் ஒத்தாசை பண்ணு' என்று துண்டு துண்டாகக் கொடுக்காதீர்கள். காய்கறி அவர் பொறுப்பு என்றால் பட்டியல் போடுவது முதல் வாங்கி வந்து ஃப்ரிட்ஜில் அடுக்குவது வரை அவருடையது. தேதி பார்த்துச் செய்யும் அலுப்பான வேலைகளை மற்றவர் எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடாகத் தன் வேலை ஒன்றை மறப்பவரிடம் தள்ளிவிடலாம். குறைகளை வாரத்தில் ஒருநாள் உட்கார்ந்து பேசுங்கள். கோபம் ஏறிய நேரத்தில் வேண்டாம்.

மருந்தும் உண்டு. மருத்துவர் சீட்டு எழுதினால் மட்டுமே கிடைக்கும் மெத்தில்ஃபெனிடேட் பலருக்குக் கவனத்தைக் கூட்டுகிறது. ஆனால் பழக்கங்களை நாம்தான் உண்டாக்க வேண்டும். சண்டைக்கு நடுவில் 'இன்னிக்கு மாத்திரை போட்டியா?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அதைவிடக் குத்தும் கேள்வி இல்லை.

மறப்பவருக்கும் ஒரு வார்த்தை. ஏ.டி.எச்.டி. உங்கள் மறதிக்குக் காரணம் சொல்லும். பொறுப்பிலிருந்து விடுதலை தராது. 'மறந்துட்டேன்' என்பதோடு நிறுத்தாமல், இனி மறக்காமல் இருக்க என்ன ஏற்பாடு செய்யப்போகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்களுக்கு ஏ.டி.எச்.டி. இருக்குமோ என்று சந்தேகம் இருந்தால் இணையத்தில் படித்து நீங்களே பெயர் வைத்துக்கொள்ளாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ அழையுங்கள். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.