ஒரே வீட்டுக்கு இரண்டு வாடகை

சிதம்பரத்தில் புதிதாகப் பணியில் சேர்ந்த என் முன்னாள் மாணவி ஒருவர், வீடு பார்க்கத் துணைக்கு வருமாறு அழைத்திருந்தார். தேர் வீதிகளை ஒட்டிய சந்துகளிலும் அண்ணாமலை நகர்ப் பக்கமும் இரண்டு நாள் நடந்தோம். 'வீடு வாடகைக்கு' என்ற அட்டை தொங்காத தெரு அரிது. பல்கலைக்கழக நிர்வாகத்தை 2013-இல் அரசு ஏற்ற பிறகு, ஆசிரியர்களும் ஊழியர்களும் பெருமளவில் பிற ஊர்களுக்குப் பணிநிரவல் செய்யப்பட்டார்கள். அவர்கள் காலி செய்த வீடுகளில் சில இன்னும் பூட்டியே கிடக்கின்றன. அவருக்குப் பிடித்த வீட்டின் மாத வாடகை 7,000 ரூபாய். அது கட்டுப்படியாகும். முன்பணம் பத்து மாத வாடகை, அதாவது 70,000 ரூபாய். அங்குதான் அவர் தயங்கி நின்றார்.

முன்பணம் திரும்பி வரும் பணம்தானே, அது எப்படிச் செலவாகும் என்று கேட்கலாம். கையில் சேமிப்பு உள்ளவர் வங்கி வைப்பிலிருந்து அதை எடுத்துத் தருகிறார். 7 விழுக்காடு வட்டி என்று கொண்டால் அவர் இழப்பது ஆண்டுக்கு 4,900 ரூபாய். வீட்டின் உண்மை வாடகை மாதம் சுமார் 7,400 ஆகிறது. சேமிப்பு இல்லாதவர் 'இரண்டு வட்டி'க்குக் கடன் வாங்குகிறார். மாதம் 1,400 ரூபாய் வட்டி, வாடகை 8,400. அதே வீடு, அதே கிணறு, அதே மொட்டை மாடி. இல்லாதவர் ஆயிரம் ரூபாய் கூடுதலாகத் தருகிறார்.

பல குடித்தனங்களுக்கு ஒரே மீட்டர் உள்ள வீடுகளில் இன்னொன்றும் சேரும். இரு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசம் என்ற சலுகை குடியிருப்பவரை எட்டுவதில்லை. உரிமையாளர் சொல்லும் விலையே மின் கட்டணம். கடலூரில் வெள்ளத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2015-லும், 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது தென்பெண்ணை கரைபுரண்டபோதும் கண்டதை ஊர் மறக்கவில்லை. அங்கே தரைத்தளம் மலிவாகக் கிடைத்தால், எவ்வளவு உயரம் தண்ணீர் ஏறியது என்பதைப் பக்கத்து வீட்டில் கேட்டறிவது நல்லது.

வீட்டு உரிமையாளர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. நானும் ஒரு காலத்தில் பத்து மாத முன்பணம் வாங்கியவன்தான். வாடகை பாக்கி வைத்துவிட்டால், வழக்கு இழுத்துவிட்டால் என்ற அச்சம் நியாயமானது. நகர்ப்புற வீடுகளில் வாடகை வீடுகளின் பங்கு 1961-இல் 54 விழுக்காடாக இருந்து 2011-இல் 28 ஆகக் குறைந்ததையும், 1.1 கோடி வீடுகள் காலியாகக் கிடந்ததையும் 2017-18 பொருளாதார ஆய்வறிக்கை சுட்டியது. ஆனால், ஒருவர் காலி செய்யும்போது அவருடைய முன்பணத்தை அடுத்து வருபவரிடம் வாங்கித்தான் திருப்பித் தருகிறோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் இதற்கு வழி சொல்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். மூன்று மாதம் என்றால் 21,000 ரூபாய். அதை இரண்டு வட்டிக்கு வாங்கினாலும் உண்மை வாடகை 7,420தான். சேமிப்புள்ளவர் இன்று தருவதற்கு ஏறத்தாழ இணை. ஆனால், அந்த முன்பண விதி 'மாறான உடன்பாடு இருந்தாலன்றி' என்று தொடங்குகிறது. வீடு தேடி அலைபவர் எந்த உடன்பாட்டுக்குத்தான் மறுப்புச் சொல்வார்? 2021-இல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரிச் சட்டம், குடியிருப்புகளுக்கு இரண்டு மாதம் என்று விலக்கின்றி வரம்பு கட்டியிருக்கிறது. தமிழ்நாடும் அந்தத் தொடக்கச் சொற்களை நீக்கிவிடலாம்.

மாணவி அந்த வீட்டுக்காரரிடம் வட்டிக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினார். அவர் சற்று யோசித்து ஐந்து மாதத்துக்கு இறங்கினார். ஒப்பந்தம் எழுதவும் சம்மதித்தார். பதிவு பற்றிக் கேட்டபோது, "அதெல்லாம் எதுக்கும்மா, பார்த்துக்கலாம்" என்றார். அடுத்த வாரம் மாணவி குடியேறுகிறார்.