அச்சில் இல்லாத நாவலைச் சுமந்தோர்: 'ஒன்ஸ் எ ரன்னர்' தரும் பாடமும் மலேசியத் தமிழ்ச் சூழலும்

முன்னுரை

ஒரு நாவல் நிலைபெறுவதற்குப் பதிப்பகத்தின் வலிமை, திறனாய்வாளரின் பாராட்டு, பாடத்திட்டத்தில் ஓர் இடம் ஆகிய மூன்றும் வேண்டும் என்பது பொதுவான கருத்தாகும். இம்மூன்றின் துணையும் இல்லாமல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வாழ்ந்த நாவல் ஒன்று உண்டு. ஓட்டப்பந்தயத்தை மையமாகக் கொண்ட 'ஒன்ஸ் எ ரன்னர்' என்னும் அமெரிக்க நாவலே அது. தலைப்பைத் தமிழில் 'ஒரு காலத்து ஓட்டக்காரன்' எனப் பொருள்படுத்தலாம். நூல் கடைகளில் கிடைக்காத காலத்திலும் அதன் வாசகர்கள் அதனைக் கைவிடவில்லை. அந்நூல் எவ்வாறு பிழைத்தது என்பதை விளக்கி, அவ்வரலாறு மலேசியத் தமிழ் நாவலுக்கும் தமிழாசிரியர்களுக்கும் உணர்த்துவது யாது என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

நூல் பிறந்த வகை

நாவலாசிரியர் ஜான் எல். பார்க்கர் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் பயின்று, அதன் அணியில் மைல் ஓட்டம் ஓடியவர். 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் மராத்தான் தங்கம் வென்ற ஃபிராங்க் ஷார்ட்டர், அதே பந்தயத்தில் ஒன்பதாவதாக வந்த ஜாக் பேச்சலர் ஆகியோருடன் பயிற்சி செய்தவர். ஆகவே, உயர்நிலை ஓட்டக்காரர்களின் அன்றாட வாழ்வை அவர் அருகிருந்து அறிந்திருந்தார்.

எழுதி முடித்த நாவலைப் பார்க்கர் 1978இல் தாமே அச்சிட்டார். விற்பனைக்கென அவரிடம் கடைகளோ விநியோகிப்பாளர்களோ இல்லை. ஓட்டப்போட்டிகள் நடைபெறும் இடங்களுக்கு நூற்கட்டுகளைக் காரில் ஏற்றிச் சென்று, அங்கு வந்த ஓட்டக்காரர்களிடம் நேரே விற்றார். ஒரு நூலின் வாசகர்கள் எங்குக் கூடுகிறார்களோ அங்கேயே அந்நூலைக் கொண்டு சேர்த்தார் என்பது இங்குக் கருதத்தக்கது.

கதையும் களமும்

நாவலின் தலைவன் குவென்டன் காசிடி, கற்பனையான தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒன்றின் மைல் ஓட்டக்காரன். வியட்நாம் போர்க்காலத்து அமைதியின்மை அமெரிக்கக் கல்விக் கூடங்களில் பரவியிருந்த காலம் அது. விளையாட்டாளர்களின் உடை, ஒழுக்கம் ஆகியவற்றின்மீது நிர்வாகம் விதித்த கட்டுப்பாடுகளை எதிர்த்து மாணவர்கள் அளிக்கும் மனுவில் காசிடி முன்னணியில் நிற்கிறான். அதன் விளைவாக அணியிலிருந்து இடைநீக்கம் செய்யப்படுகிறான். ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர் தங்கம் வென்றவனாகப் படைக்கப்பட்டுள்ள புரூஸ் டென்டன் அவனுக்கு வழிகாட்டியாகிறான். படிப்பையும் காதலையும் விட்டு, காட்டிலுள்ள ஒரு குடிலில் தனித்திருந்து காசிடி பயிற்சி செய்கிறான். இறுதியில், தடை விதித்த அதே பல்கலைக்கழகம் நடத்தும் போட்டியில் ஃபின்லாந்துக்காரன்போல் வேற்றுப் பெயரில் கலந்துகொண்டு, உலகின் தலைசிறந்த மைல் ஓட்டக்காரனாகிய நியூசிலாந்தின் ஜான் வால்ட்டனை எதிர்கொள்கிறான். 1975இல் மைல் ஓட்டத்தை 3 நிமிடம் 49.4 விநாடியில் முடித்து, 3 நிமிடம் 50 விநாடி என்னும் எல்லையை முதன்முதலாகக் கடந்த நியூசிலாந்தின் ஜான் வாக்கரை இப்பாத்திரம் நினைவூட்டுகிறது.

கதைக்கோப்பு எளியது. காசிடியின் காதலி ஆண்ட்ரியா முழுமையான பாத்திரமாக வளரவில்லை. பல்கலைக்கழக அதிகாரிகளும் கேலிச்சித்திரங்களாகவே நின்றுவிடுகின்றனர். இக்குறைகளை மறுப்பதற்கில்லை. ஆயினும் நாவலின் உயிர் வேறிடத்தில் உள்ளது.

அது பயிற்சியைப் பற்றிய பகுதிகளில் உள்ளது. ஒரு மைல் என்பது 1,760 கெஜம்; 440 கெஜத் தடத்தில் நான்கு சுற்று. காசிடி ஒரே நாளில் அத்தகைய விரைவுச் சுற்றுகள் அறுபதினை, இருபது இருபதாக மூன்று தொகுதிகளாக ஓடுகிறான். இடையிலுள்ள மெதுவோட்டத்தைச் சேர்க்காமலே அது 15 மைல் தொலைவாகும். இப்பயிற்சியின் முடிவில் அவன் உடல் நலிந்து வீழ்வதை ஆசிரியர் மிகைப்படுத்தாமல் காட்டுகிறார். வெற்றி என்பது பந்தய நாளில் நிகழும் அற்புதமன்று. எவரும் பாராத நாள்களில் சிறிது சிறிதாகச் சேர்த்த உழைப்பின் பயன் என்பதே நாவலின் மையக் கருத்தாகும்.

இந்நாவலுக்கு முன்பே ஆலன் சில்லிட்டோ 1959இல் எழுதிய, நெடுந்தூர ஓட்டக்காரனின் தனிமை பற்றிய ஆங்கிலக் கதை புகழ்பெற்றிருந்தது. அக்கதையில் ஓட்டம் வர்க்க எதிர்ப்பின் குறியீடாகும். பார்க்கரின் நாவலிலோ ஓட்டமே பொருள். மூச்சு, தசை, காலக்கணக்கு, சலிப்பு, அச்சம் ஆகியவை வேறொன்றைக் குறிக்க வரவில்லை. இவ்வேறுபாடே ஓட்டக்காரர்களை இந்நாவலோடு பிணைத்தது எனலாம்.

அச்சு நின்ற பின்

நூல் அச்சில் இல்லாது போனதும் அதன் மதிப்புக் குறைவதற்குப் பதிலாக ஏறியது. பழைய படிகள் நூறு அமெரிக்க டாலருக்கு மேலும் விலைபோயின. ஒரு படி ஓர் அணியின் பலரது கைகளில் மாறி மாறிச் சென்றது. மூத்த ஓட்டக்காரர் இளையவருக்குக் கொடுப்பதும், பயிற்றுநர் மாணவருக்குக் கொடுப்பதும் வழக்கமாயின. அச்சில் இல்லாத நூல்களுள் மிகுதியாகத் தேடப்பட்டவற்றின் பட்டியலிலும் இந்நாவல் இடம்பெற்றது. இதன் தொடர்ச்சியாக 'அகெய்ன் டு கார்த்தேஜ்' என்னும் நாவல் 2007இல் வெளிவந்தது. 2009இல் நியூயார்க்கின் ஸ்கிரிப்னர் பதிப்பகம் முதல் நாவலை மறுபதிப்புச் செய்தது. காசிடியின் இளமையைக் கூறும் மூன்றாம் நாவல் 2015இல் வந்தது.

ஆக, பெரும்பதிப்பகம் இந்நூலை வாழவைக்கவில்லை. வாசகர் வாழவைத்த நூலைப் பதிப்பகம் பின்னர் ஏற்றுக்கொண்டது. அவ்வாசகர் யார் என்பதும் முக்கியம். அவர்கள் இலக்கியச் சுவைஞர் என்ற பொது அடையாளத்தால் இணைந்தவர் அல்லர். அந்நூல் பேசும் உழைப்பைத் தம் உடலால் அறிந்தவர்கள். தம் வாழ்வை வேறெந்த நூலும் இத்துணை நுட்பமாகச் சொல்லவில்லை என்பதால் அதனைச் சுமந்தார்கள்.

தமிழில் இணைகள்

தமிழில் இதற்கு இணை கூற முடியாதா? விளையாட்டைப் பொருளாகக் கொண்ட நாவல் என்ற வகையில் சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' முதலில் நினைவுக்கு வருகிறது. 1959இல் நூலான இக்குறுநாவலில் காளையின் அசைவு, வீரனின் பிடி, களத்தின் விதி ஆகிய அனைத்தும் அறிந்தவன் கூற்றாகவே வருகின்றன. பார்க்கரின் நாவலுக்குரிய நுட்பம் தமிழுக்குப் புதிதன்று என்பதற்கு இதுவே சான்று.

பதிப்பு வரலாற்றில் இணை தேடின், ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' நம் வட்டாரத்துக்கே உரியது. மேடானையும் பினாங்கையும் களமாகக் கொண்ட அந்நாவல் பல ஆண்டுகள் பதிப்பாளரின்றிக் கிடந்து 1972இல்தான் வெளிவந்தது. பின்னரும் நெடுங்காலம் எளிதில் கிடைக்கவில்லை. ஆயினும், படித்தவர் படியாதவரிடம் எடுத்துச் சொல்லிச் சொல்லியே அதன் பெயர் நின்றது. சிங்காரம் 1997இல் மறைந்தார். இன்று தமிழின் சிறந்த நாவல்கள் பற்றிய பேச்சில் தவறாது இடம்பெறும் நூலாக அது திகழ்கிறது.

மலேசியத் தமிழ் நாவல்களின் நிலை இவ்வாறு மகிழத்தக்கதன்று. 1917இல் வெளிவந்த வெங்கடரத்தினத்தின் 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி' நம் நாட்டின் முதல் தமிழ் நாவலாகக் கருதப்படுகிறது. நூறாண்டைக் கடந்த இம்மரபில் பல நூல்கள் இன்று பெயரளவிலேயே அறியப்படுகின்றன. நம் எழுத்தாளர் பலரும் பார்க்கரைப்போலவே தம் செலவில் நூலை அச்சிடுகின்றனர். ஆயின், விற்கும் இடம் வேறு. வெளியீட்டு விழாவில் பிரமுகர் முதல் நூலைப் பெறுகிறார். அன்பர்கள் உறையில் பணமிட்டு அடுத்தடுத்த படிகளைப் பெறுகின்றனர். அச்சுச் செலவு மீள்வதால் இம்முறை எழுத்தாளரைக் காக்கிறது. அதனை எள்ளுதல் தகாது. ஆனால், நூலைப் பெற்றவர் அதன் பொருளுக்கு உரியவர்தாமா என்ற வினா எழுவதில்லை. மதிப்புக்காக வாங்கிய நூல் அலமாரியில் தங்கிவிடுகிறது. தேவைக்காக வாங்கிய நூலே கைமாறுகிறது.

எழுதப்படாத நாவல்

இன்னொரு குறையும் உண்டு. தோட்ட வாழ்வு, சப்பானியர் ஆட்சி, சயாம் மரண இரயில் ஆகியவற்றை ஆர். சண்முகம், அ. ரெங்கசாமி முதலியோர் நாவலாக்கியுள்ளனர். ஆனால், இந்நாட்டு இந்தியர் பெரும்புகழ் ஈட்டிய திடல்தடம் நம் நாவலில் உரிய இடம் பெறவில்லை.

பொருளுக்குப் பஞ்சமில்லை. மணி ஜெகதீசன் 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் பதினாறு வயதில் ஓடினார். 1962 ஆசிய விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டர் தங்கமும், 1966இல் பாங்காக்கில் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 மீட்டர் அஞ்சல் ஓட்டம் ஆகிய மூன்றிலும் தங்கமும் வென்றார். 1968இல் மெக்சிகோவில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடி அவர் படைத்த தேசியச் சாதனை 2017 வரை, 49 ஆண்டுகள் நிலைத்தது. மருத்துவப் படிப்பும் ஓட்டப் பயிற்சியும் ஒருங்கே நடத்திய வாழ்வு அது. 1966ஆம் ஆண்டுக்கான முதல் தேசிய விளையாட்டு வீராங்கனை விருதினை எம். இராஜாமணி பெற்றார். 1985இல் ஜாகர்த்தாவில் நடந்த ஆசியப் போட்டியில் பி. ராஜ்குமார் 800 மீட்டர் தங்கத்தைக் கைப்பற்றினார். 1998இல் கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் ஜி. சரவணன் 50 கிலோமீட்டர் நடையில் தங்கம் வென்றார். செய்தித்தாளில் இவை முடிவுகளாக மட்டுமே பதிவாயின. விடியலுக்கு முந்திய பயிற்சியும், கிட்டிய உணவும், வீட்டார் தயக்கமும் பதிவாகவில்லை. நாவலுக்குரிய பகுதி அதுவேயாகும்.

ஆசிரியர் ஆற்றத்தக்கவை

ரவாங் நகரை எண்ணிப் பார்க்கலாம். ஈயச் சுரங்க நகராகிய அங்கு 1894இல் லோக் யூவும் தம்புசாமி பிள்ளையும் சுரங்க நீரேற்றத்திற்கு மின்னாற்றலைப் பயன்படுத்தியது வரலாற்றில் பதிவாகியுள்ளது. முதலாளிகளின் செயல் ஏடேறியது. சுற்றியிருந்த இரப்பர்த் தோட்டங்களின் திடல்களில் ஓடியவர்களின் கதையோ ஏடேறவில்லை. தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. திடல் மறைந்த பின் எஞ்சுவது முதியவர்களின் நினைவு மட்டுமே. அதற்கும் காலவரம்பு உண்டு.

ஆகவே, தமிழாசிரியர்கள் மூன்று பணிகளை மேற்கொள்ளலாம். முதலாவது, பள்ளிக் குறுக்கோட்டப் போட்டியையும் திடல்தடப் போட்டியையும் கட்டுரைத் தலைப்பாகத் தரும்போது, வென்ற மகிழ்ச்சியை மட்டுமன்றிப் பயிற்சி நாள் ஒன்றை எழுதச் சொல்லுதல். இரண்டாவது, வட்டாரத்தின் முன்னாள் ஓட்டக்காரர்களையும் பயிற்றுநர்களையும் மாணவர் நேர்காணச் செய்து, அவர்கள் வழங்கிய சொற்களோடு பதிவு செய்தல். மூன்றாவது, கிடைக்காத மலேசிய நாவல்களின் படிகள் யாரிடம் உள்ளன எனப் பட்டியலிட்டு நூலகங்களுக்குத் தெரிவித்தல். மறுபதிப்புக்கு முயலுங்கால் பதிப்புரிமையையும் நோக்க வேண்டும். மலேசியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 50 ஆண்டு முடியும்வரை உரிமை அவர்தம் வழியினருக்கு உண்டு. அதுவரை அவர்களின் இசைவு தேவை.

முடிவுரை

'ஒன்ஸ் எ ரன்னர்' குறையற்ற நாவல் அன்று. எனினும், ஒரு கூட்டத்தாரின் உழைப்பை உள்ளவாறு கூறியதால் அக்கூட்டத்தார் அதனை அழியவிடவில்லை. நூலைப் போற்றுவோரைவிட நூல் தேவைப்படுவோரே அதன் ஆயுளைத் தீர்மானிக்கின்றனர் என்பதே இதனால் பெறப்படும் உண்மை. ஒரு மலேசிய நாவல் வெளிவரும்போது, அது யாருடைய வாழ்வைப் பேசுகிறதோ அவர்கள் கைக்குச் சென்றதா என்று கேட்பது நம் கடமையாகிறது. ஓடியவர்களின் கதை இன்னும் எழுதப்படாதிருக்கையில், அதனை எழுதப்போகும் மாணவர் நம் வகுப்பிலேயே இருக்கக்கூடும் என்பதையும் ஆசிரியர்கள் கருத்திற் கொள்ளுதல் நலம்.