செம்பனைப் பழமும் ஒரு பூச்சிதான்!

எங்கள் ஊர் ஆயர் குரோவின் பெயருக்கு மலாய் மொழியில் 'கலங்கிய நீர்' என்று பொருள். அந்த ஊர்க்காரியான எனக்கு, தெளிந்த குளிர்நீரில் மட்டுமே வாழும் டிரவுட் மீன் மீது ஆசை வந்தது வேடிக்கைதான். நீரின் வெப்பம் 20 பாகையைத் தாண்டினாலே அது திணற ஆரம்பித்துவிடும். நம் நாட்டு ஆறுகளில் அதைத் தேட வேண்டாம்.

ஆனால் தமிழ்நாட்டில் இருக்கிறது! நீலகிரியின் குளிர் வெள்ளைக்காரர்களுக்குச் சொந்த ஊரை நினைவூட்டியது. 1860-களில் பிரான்சிஸ் டே என்ற ராணுவ மருத்துவர் இங்கிலாந்திலிருந்து டிரவுட் முட்டைகளைக் கொண்டுவர முயன்றார். கடல் பயணத்தின் வெப்பத்தை அவை தாங்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து எச்.சி. வில்சன் அதைச் சாதித்தார். 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் உருவானது. மூணாறு, நுவரெலியா மலைகளுக்கும் இதே மீன் போனது. நம் மக்கள் கொழுந்து பறித்த மலைகளிலேயே துரைமார்கள் தூண்டில் போட்டார்கள். ஓடையில் ஏற்கெனவே இருந்த சின்ன மீன்களை யாரும் கேட்கவில்லை என்பது வேறு கதை.

தோட்டத்து அல்லூரில் மண்புழு கோத்து விரால் பிடித்த தாத்தாக்களுக்கு இந்த வித்தை விசித்திரமாக இருந்திருக்கும். 'ஃபிளை ஃபிஷிங்' எனப்படும் பூச்சித் தூண்டிலில் இரையே கிடையாது. கொக்கியில் இறகு, ரோமம், நூல் சுற்றிச் செய்த பொய்ப் பூச்சிதான். அதற்கு எடையில்லை, கையால் எறிந்தால் காலடியிலேயே விழும். அதனால் எடையைக் கயிற்றுக்குக் கொடுத்துவிட்டார்கள். தடித்த கயிற்றைத் தலைக்கு மேல் பின்னும் முன்னும் வீச, அது பூச்சியை இழுத்துக்கொண்டு போகும். பின்வீச்சில் கயிறு முழுதாக நீளும்வரை ஒரு கணம் பொறுக்க வேண்டும். அவசரக்காரர்களுக்கு அந்தக் கணம்தான் பெரிய சோதனை.

டிரவுட் நீரோட்டத்தை எதிர்த்து நின்று, வரும் பூச்சிக்குக் காத்திருக்கும். ஆகவே அதன் முதுகுப்பக்கமாக, கீழிருந்து மேலே போக வேண்டும். பூச்சியும் நீரின் வேகத்திலேயே மிதக்க வேண்டும். கயிறு இழுத்துச் சற்றே வேகமாக நகர்ந்தாலும் மீன் சீண்டாது.

நமக்கு இதைவிடச் சுவையான சேதி, இதே வித்தையில் கெலா பிடிக்கிறார்கள் என்பது. காவிரி மகாசீரின் உறவுக்கார மீன் இது. ஆற்றில் உதிரும் பழங்களை விரும்பித் தின்னும். செம்பனைப் பழம் என்றால் கொள்ளைப் பிரியம். அதனால் கெலாவுக்குக் கட்டும் 'பூச்சி'யில் செம்பனைப் பழ வடிவமும் உண்டு! தோட்டத்துப் பிள்ளைகள் நமக்கு இதைவிடப் பொருத்தமான தூண்டில் ஏது?

ஆனால் கெலாவுக்கும் தெளிந்த ஓடும் நீர்தான் வேண்டும். மேலே காடு வெட்டினால் கீழே ஆறு கலங்கும். மெதுவாக வளரும் மீன். உணவகங்களில் கிலோ நூற்றுக்கணக்கான ரிங்கிட். பிழைப்பது சிரமம்தான். தாமான் நெகாராவின் லூபோக் தெனோரில் அதைப் பிடிக்காமல் பார்த்துவிட்டு வரலாம். தெளிந்த நீரில் கூட்டமாகக் கால் வரை வரும். பிடிக்கும் இடங்களில், எதிர்முள் இல்லாத கொக்கி போட்டு, கையை நனைத்துக்கொண்டு தூக்கி, தலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து, அதுவாக நீந்தும்வரை காத்திருந்து விட வேண்டும். சமையலுக்கு வளர்ப்பு மீன் போதும் என்பேன்.

வீச்சு பழக ஆறுகூடத் தேவையில்லை. கொக்கிக்குப் பதில் கம்பளி நூல் கட்டி, எங்கள் தாமான் திடலில் மாலையில் வீசிப் பழகுகிறேன். பந்து விளையாடும் பையன்கள் தினமும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: "அக்கா, புல்லில் என்ன மீன் கிடைக்கும்?"