புராட்டஸ்டண்ட் சபையிலிருந்து கத்தோலிக்கத்திற்கு: நியூமன் நடந்த பாதை சொல்வது என்ன?

ஆங்கிலிக்கன் சபையில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் குருவாகப் பணியாற்றி, 44 வயதில் கத்தோலிக்கராக மாறியவர் ஜான் ஹென்றி நியூமன். 2025 நவம்பர் 1ஆம் தேதி போப் பதினான்காம் லியோ அவரைத் திருச்சபையின் ‘மறைவல்லுநர்’ என அறிவித்தார். ஈராயிரம் ஆண்டு வரலாற்றில் இந்தச் சிறப்பைப் பெற்ற 38வது நபர் அவர்.

தமிழ் வாசகர்கள் பலருக்கு அவருடைய பெயரைவிட அவர் எழுதிய பாடல் அறிமுகமாகியிருக்கும். காந்தியடிகள் மிகவும் விரும்பிய ‘லீட், கைண்ட்லி லைட்’ என்ற பாடல் நியூமன் எழுதியது. 1833ல் சிசிலித் தீவில் கடும் காய்ச்சலிலிருந்து பிழைத்து, கப்பலில் ஊர் திரும்பும் வழியில் அதை எழுதினார். அப்போது அவர் கத்தோலிக்கர் அல்லர். அந்த முடிவை எடுக்க அவருக்கு மேலும் 12 ஆண்டுகள் தேவைப்பட்டன.

ஒரே இயேசுவை வணங்கும் இரு சபைகளுக்கு இடையே மாறுவதற்கு ஏன் இத்தனை ஆண்டுகள்? அதில் எதை இழக்க நேர்கிறது? இன்று அப்படி மாற விரும்புவோருக்கு என்ன நடைமுறை? நியூமனின் வாழ்க்கை இவற்றுக்கு நல்ல விளக்கம் தருகிறது.

15 வயதில் தொடக்கம்

நியூமன் 1801ல் லண்டனில் பிறந்தார். 1816ல் தந்தையின் வங்கித் தொழில் நொடித்துப்போனது. அதே ஆண்டில், 15 வயதில், ஆழ்ந்த மனமாற்றம் ஒன்று அவருக்குள் நிகழ்ந்தது. அது முழுக்க முழுக்க நற்செய்தி வழிப் புராட்டஸ்டண்ட் அனுபவம். போப்பாண்டவரே அந்திக்கிறிஸ்து என்று அந்நாளில் அவர் நம்பினார்.

1822ல் ஆக்ஸ்ஃபர்ட்டின் ஓரியல் கல்லூரியில் ஆய்வாளராகத் தேர்வுபெற்றார். 1828ல் பல்கலைக்கழகத் தேவாலயமான செயின்ட் மேரிஸின் பொறுப்புக் குருவானார். அவருடைய பிரசங்கத்தைக் கேட்க மாணவர்கள் திரண்டனர்.

கேள்வி எழுந்த இடம்

1833ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அயர்லாந்தில் இருந்த ஆங்கிலிக்கன் ஆயர் பதவிகளைக் குறைக்க முனைந்தது. சபைக்கு அதிகாரம் அரசாங்கத்திடமிருந்து வருகிறதா, அப்போஸ்தலர்கள் வழியாக வருகிறதா என்ற கேள்வியை அது கிளப்பியது. ஜான் கீபிள், எட்வர்ட் பியூசி போன்ற நண்பர்களுடன் சேர்ந்து நியூமன் தொடர்ச்சியாகச் சிறு நூல்களை வெளியிட்டார். இதுவே ‘ஆக்ஸ்ஃபர்ட் இயக்கம்’ எனப் பெயர்பெற்றது.

ரோமாபுரிக்கும் புராட்டஸ்டண்டுகளுக்கும் இடையே ஆங்கிலிக்கன் சபை ‘நடுவழி’யாக நிற்கிறது என்பது அவருடைய வாதம். ஆனால் 1839ல் ஐந்தாம் நூற்றாண்டுச் சபைச் சச்சரவுகளைப் படித்தபோது அந்த வாதம் ஆட்டம் கண்டது. அன்றும் நடுவழி பேசிய ஒரு தரப்பு இருந்தது. அதைத் திருச்சபை ஏற்கவில்லை. அந்தச் சச்சரவில் தம் சபை எந்தப் பக்கம் நின்றிருக்கும் என்ற கேள்வி அவரை விடாமல் துரத்தியது.

1841ல் அவர் வெளியிட்ட 90வது சிறு நூல், ஆங்கிலிக்கன் சபையின் 39 கொள்கை விதிகளுக்குக் கத்தோலிக்கப் பொருளும் கொள்ள முடியும் என்றது. பல்கலைக்கழகத்தாரும் ஆயர்களும் கடுமையாகக் கண்டித்தனர். நியூமன் அருகிலிருந்த லிட்டில்மோர் சிற்றூரில் ஒதுங்கி, 1843ல் செயின்ட் மேரிஸ் பொறுப்பைத் துறந்தார்.

வளர்ச்சியா, கலப்படமா?

அவரைத் தடுத்து நிறுத்திய கேள்வி இன்றும் பல புராட்டஸ்டண்டுகள் கேட்பதுதான். உத்தரிக்கும் தலம், மாதா பக்தி, போப்பின் அதிகாரம் ஆகியவை ஆதிச் சபையில் இன்றிருக்கும் வடிவில் இல்லையே, இவை பின்னால் வந்த சேர்க்கைகள் அல்லவா?

விடை தேடி அவர் எழுதியதே, கிறிஸ்தவக் கோட்பாட்டின் வளர்ச்சி பற்றிய 1845ஆம் ஆண்டு நூல். உயிருள்ள கருத்து காலப்போக்கில் வளரும் என்றும் முதல் நாளில் இருந்த உருவத்திலேயே அது நிற்காது என்றும் அவர் வாதிட்டார். திரித்துவக் கோட்பாடுகூட 325ல் கூடிய நிசேயா பொதுச்சங்கத்திலும் அதற்குப் பிறகும்தான் துல்லியமான சொல்வடிவம் பெற்றது. உண்மையான வளர்ச்சியையும் சீர்கேட்டையும் பிரித்தறிய ஏழு அடையாளங்களையும் அவர் வகுத்தார்.

இந்த வாதத்தை எல்லாரும் ஏற்பதில்லை. எந்த வளர்ச்சியையும் வேதாகமத்தை வைத்தே அளக்க வேண்டும் என்பது புராட்டஸ்டண்ட் தரப்பின் பதில். அந்த விவாதம் இன்றும் தொடர்கிறது.

கொடுத்த விலை

நூலை எழுதி முடிக்கும் முன்பே நியூமன் முடிவுக்கு வந்துவிட்டார். 1845 அக்டோபர் 8ஆம் தேதி இரவு, கொட்டும் மழையில் குதிரை வண்டியின் மேல்தட்டில் பயணம் செய்து நனைந்தபடி டொமினிக் பார்பெரி என்ற இத்தாலியத் துறவி லிட்டில்மோர் வந்துசேர்ந்தார். மறுநாள் நியூமன் கத்தோலிக்கத் திருச்சபையில் ஏற்றுக்கொள்ளப்பட்டார்.

அக்காலத்தில் ஆக்ஸ்ஃபர்ட் கல்லூரிப் பதவிகள் ஆங்கிலிக்கன் சபையினருக்கு மட்டுமே உரியவை. ஆகவே ஓரியல் பதவியையும் அவர் விட்டார். தங்கை ஹேரியட் அவருடன் உறவை முறித்துக்கொண்டார். 1852ல் அவர் இறக்கும்வரை அந்த உறவு சரியாகவில்லை. 1846ல் ஆக்ஸ்ஃபர்ட்டை விட்டுப்போன நியூமன், 32 ஆண்டுகளுக்குப் பிறகு, 1878ல்தான் அங்கு மீண்டும் காலடி வைத்தார்.

புதிய இடத்திலும் அவருக்கு எல்லாம் சுமுகமாக அமையவில்லை. கோட்பாட்டு விவகாரங்களில் பொதுநிலையினரின் கருத்தையும் அறிய வேண்டும் என்று 1859ல் எழுதியதற்காக ரோமாபுரிக்கு அவர்மீது புகார் போனது. 1879ல், 78 வயதில், போப் பதிமூன்றாம் லியோ அவரைக் கர்தினாலாக உயர்த்திய பிறகே சந்தேகங்கள் அடங்கின. 1890ல் அவர் காலமானார். 2019ல் புனிதராக அறிவிக்கப்பட்டபோது, ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த அன்றைய இளவரசர் சார்ல்ஸ் வத்திகனுக்கு நேரில் சென்று கலந்துகொண்டார்.

இன்றைய நடைமுறை

இரண்டாம் வத்திகன் சங்கம் 1964ல் வெளியிட்ட ஆவணத்திற்குப் பிறகு அணுகுமுறை பெரிதும் மாறியது. தண்ணீரால், தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் ஞானஸ்நானம் பெற்ற ஒருவர் ஏற்கெனவே கிறிஸ்தவர்தான். அவருக்கு மீண்டும் ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. முறையாகப் பெற்றாரா என்பதில் நியாயமான ஐயம் இருந்தால் மட்டும் நிபந்தனையுடன் அளிக்கப்படும்.

மாற விரும்புபவர் தம் பங்குத்தந்தையைச் சந்தித்து, குறிப்பிட்ட காலம் மறைக்கல்வி பெறுவார். பின்னர் பாவசங்கீர்த்தனம் செய்து, விசுவாச அறிக்கையிட்டு, உறுதிபூசுதலும் நற்கருணையும் பெறுவார். முன்பு வேறொரு திருமணம் நடந்திருந்தால் அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. அதை ஆராய்வதற்கு நாளாகலாம்.

தமிழர்களைப் பொறுத்தவரை மொழியும் சற்று மாறும். ஆராதனை என்றவர் திருப்பலி என்பார், போதகரை ஐயா என்றவர் ஃபாதர் என்பார், வேதாகமம் விவிலியம் ஆகிவிடும். நூல்களின் எண்ணிக்கையும் 66லிருந்து 73 ஆகும். ஆனாலும் இரு தரப்பு அறிஞர்களும் சேர்ந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பான ‘திருவிவிலியம்’ 1995லேயே வெளிவந்துவிட்டது.

வீட்டில் எப்படிச் சொல்வது?

பெரும்பாலும் கடினமாக இருப்பது சடங்குகள் அல்ல, வீட்டாரிடம் சொல்வதுதான். ‘நாங்கள் வளர்த்த விசுவாசம் உனக்குப் போதவில்லையா?’ என்ற தாயின் கேள்விக்கு இறையியல் நூல்களில் விடை தேட முடியாது.

இதிலும் நியூமனின் அனுபவம் கைகொடுக்கும். மாறப்போவதை அவர் கடைசி நாள்வரை மூடி மறைக்கவில்லை. குடும்பத்தாருக்கும் நண்பர்களுக்கும் பல மாதங்கள் கடிதம் எழுதித் தம் மனநிலையை விளக்கினார். 1865ல், 20 ஆண்டுகளுக்குப் பிறகு, ஆங்கிலிக்கன்களாகவே இருந்துவிட்ட கீபிளும் பியூசியும் அவருடன் ஒரே மேசையில் அமர்ந்து உணவருந்தினர். கீபிள் அதற்கு அடுத்த ஆண்டே மறைந்தார்.

1864ல் தம் வாழ்க்கைப் பயணத்தை நூலாக எழுதியபோது, 15 வயதில் புராட்டஸ்டண்டாகத் தமக்குக் கிடைத்த அந்த முதல் மனமாற்றம் உண்மையானது என்பதில் தமக்குச் சிறிதும் ஐயமில்லை என்று நியூமன் பதிவு செய்தார். அப்போது அவர் கத்தோலிக்கராகி 19 ஆண்டுகள் ஆகியிருந்தன.