காரின் இரத்தக் குழாய்!



இன்ஜினைப் பற்றிக் கேட்டால் நம்மில் யாரும் பத்து நிமிடம் பேசுவோம். டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோல் கொண்டுபோகும் குழாயைப் பற்றிக் கேட்டால் ஒரு நிமிடம் தாண்டாது. ஆனால் அது பயணிகளின் காலுக்கு அடியிலேயே ஓடுகிறது. கசிந்த பெட்ரோல் சூடான சைலன்சர் பக்கம் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. என் அப்பா கார் டிரைவர். எங்கள் வீட்டில் டிப்ளமோ வரை வந்த முதல் ஆள் நான். "ஒரு குழாய்ல படிக்க என்னடா இருக்கு?" என்று அவர் கேட்டார். அவருக்குச் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரை.

எந்த உலோகம்?

செம்பு: கையாலேயே வளையும். அதனால்தான் பல ஷெட்களில் இதைப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் ஓயாத அதிர்வில் செம்பு இறுகி, ஃபிளேர் ஓரத்தில் விரிசல் விடும். பெட்ரோல் கெட்டுப் பிசினாவதையும் அது வேகப்படுத்தும்.

எஃகு: மெல்லிய தகட்டை இரண்டு சுற்றாகச் சுருட்டி, செம்பு கொண்டு பிரேசிங் செய்த 'பண்டி' குழாய் பல கார்களில் உண்டு. வலுவானது. துருதான் எதிரி; எனவே மேலே பூச்சு கொடுத்திருப்பார்கள்.

ஸ்டெயின்லெஸ்: துருப் பயம் மிகக் குறைவு. ஆனால் வளைப்பதும் ஃபிளேர் செய்வதும் சிரமம்.

இன்னொன்று. 20 சதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் நம் நாட்டில் 2023-ல் விற்பனைக்கு வந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். நீர் பிரிந்து தங்கினால் எஃகுக் குழாய் உள்ளிருந்தே துருப்பிடிக்கலாம். வெளியே பளபளப்பதை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது.

அழுத்தமும் முக்கியம். கார்புரேட்டர் வண்டியில் சுமார் 0.3 பார், எம்.பி.எப்.ஐ. வண்டியில் சுமார் 3 பார். பத்து மடங்கு! பழைய வண்டியில் தாங்கிய ஹோசும் கிளாம்பும் புதியதில் தாங்கும் என்று நம்பவே கூடாது.

வளைப்பது எப்படி?

1. மேல்பூச்சைத் தட்டிவிட்ட வெல்டிங் ராடை வண்டியின் அடியில் வைத்து வளைத்து மாதிரி எடுங்கள். ராடு வீணானால் பரவாயில்லை, குழாய் வீணாகக் கூடாது.

2. ஹேக்ஸா வேண்டாம், டியூப் கட்டர்தான். பிசிறை நீக்குங்கள். உள்ளே போகும் தூள் இன்ஜெக்டரை அடைக்கும்.

3. வளையும்போது வெளிப்பக்கச் சுவர் நீண்டு மெலியும். உட்பக்கம் சுருங்கி மடியப் பார்க்கும். எனவே பெண்டரில் வைத்தே வளையுங்கள். வளைவின் ஆரம் குழாய் விட்டத்தைப் போல் மூன்று மடங்காவது இருக்கட்டும். 8 மி.மீ. குழாய்க்கு 24 மி.மீ. 90 டிகிரி வளைவுக்கு 24 × 1.57, அதாவது சுமார் 38 மி.மீ. நீளம் செலவாகும். கையை எடுத்ததும் குழாய் சற்றே விரியும்; அதற்காகக் கொஞ்சம் கூடுதலாக வளைக்க வேண்டும்.

4. நட்டை முதலில் மாட்டிவிட்டு ஃபிளேர் செய்யுங்கள். மெல்லிய எஃகுக்கு இரட்டை ஃபிளேர். ஒற்றை என்றால் ஓரம் பிளந்துவிடும்.

5. காற்றடித்துச் சுத்தம் செய்து, ரப்பர் வைத்த கிளிப்பால் சைலன்சருக்கு எட்டத்தில் கட்டுங்கள். இன்ஜின் ஆடும், பாடி ஆடாது. இரண்டுக்கும் நடுவே ஹோஸ் கட்டாயம்.

நண்பர்களே, ஷெட்டில் உள்ள அண்ணன்மார்களின் கைப்பழக்கம் நமக்கு இன்னும் வரவில்லை. நாம் படிக்கும் காரணங்களைப் படிக்க அவர்களில் பலருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. அவர்களிடம் கையைக் கற்போம், காரணத்தைப் பணிவோடு சொல்வோம். அந்த வண்டியில் ஏறும் முகம் தெரியாத குடும்பத்துக்கு நாம் செய்யும் கடமை அதுவே!